எருமை இறங்காத குளம்

ரங்கூனில், அலோன் துறையில் ஒரு மரக்கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. லான்மடாவில் ஒரு மாடி அறையில் மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவரோடு சேர்ந்து குடியிருந்தேன். என்னைவிட மூத்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். எங்கேயாவது இடிந்த கோட்டை, பாழடைந்த புத்த பகோடா என்று காதில் விழுந்துவிட்டால் அதைப் பார்க்கிறவரை அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் கெமண்டைனில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் மெக்கானிக். அவனும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள்.

பட்டறை முதலாளி அந்தச் சித்திரையில் ஒரு பழைய மோட்டாரை வாங்கி எஞ்சினைப் பிரித்து மாட்டியிருந்தார். விற்பதற்கு முன் நாலு நாள் ஓட்டிப் பார்த்துக் கொண்டுவா என்று மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டார். பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழாவும் நம்முடைய வருஷப் பிறப்பும் அடுத்தடுத்து வருவதால் ரங்கூனில் அந்த நாட்களில் எவனும் வேலைக்குப் போகமாட்டான். வாத்தியார் உடனே வழி சொன்னார். பெகுவுக்குப் போவது, அங்கிருந்து காட்டுப் பாதையில் இறங்கினால் யாரும் போகாத இடிபாடுகள் இருக்கின்றனவாம், அவற்றைப் பார்ப்பது.

"இடிஞ்ச செங்கலை நீங்க பாருங்க வாத்தியாரே. எனக்குக் குளிக்க ஒரு நல்ல தண்ணி காட்டுனாப் போதும்" என்றான் மெக்கானிக்.

கிளம்பும்போதே தெரு முனையில் பெண்கள் வாளி வாளியாக எங்கள் மேல் கொட்டினார்கள். வண்டியின் மேல்மூடியை மடித்து வைத்திருந்ததால் இருக்கையெல்லாம் குளமாகிவிட்டது. இன்செயின் தாண்டுவதற்குள் சட்டை காய்ந்து, அதற்கப்புறம் செம்மண் புழுதி வந்து ஒட்டிக்கொண்டது.

மெக்கானிக் முதலில் வண்டியைத் திருப்பியது லோகா ஏரிக்கு. கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டின மட்டும் நீலம். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு வடநாட்டுக் காவல்காரர் தடியோடு ஓடிவந்தார். இது ரங்கூன் முழுக்கக் குடிக்கிற தண்ணீர், காலை வைத்தால் போலீஸில் கொடுப்பேன் என்று இந்துஸ்தானியில் சத்தம் போட்டார். நாங்கள் கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டோம். "நியாயம்தான், நாமளும் குடிக்கிற தண்ணிதானே" என்றார் வாத்தியார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அடுத்தது, சாலையில் ஒரு மரப்பாலத்தின் கீழ் ஓடிய ஓடை. சித்திரை வெயிலில் அது கணுக்கால் அளவுக்கு இளைத்துக் கிடந்தது. மெக்கானிக் மல்லாக்கப் படுத்துப் பார்த்தான். முதுகு மட்டும்தான் நனைந்தது. வயிற்றுக்கு வாத்தியார் கையால் அள்ளி ஊற்றினார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

பெகுவில் இராத் தங்கிவிட்டு, காலையில் ஒரு மாட்டுவண்டிப் பாதையில் வண்டியை இறக்கினோம். மூங்கில் காடு. சருகு மூடின தடம். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, சூரியன் உச்சிக்கு வருவதற்குள் எஞ்சின் முகப்பிலிருந்து நீராவி சீறத் தொடங்கிவிட்டது. கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினோம். அதுவும் கொதித்துப் போயிற்று. அதே இடத்தில்தான் வாத்தியாரின் இடிபாடுகள் இருந்தன.

செங்கல் மேடுகள் மூங்கிலுக்குள் வரிசையாக நின்றன. சிலவற்றின் உச்சியில் ஆலமரம் முளைத்து வேரால் முழுப் பகோடாவையும் கட்டிப் பிடித்திருந்தது. ஒரு பெரிய புத்தர் தலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மார்பில் தேன்கூடு தொங்கிற்று. வாத்தியார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற செங்கல் மேல் குதித்துக் குதித்து ஒவ்வொன்றையும் சுற்றிவந்தார். "ராஜாக்கள் கட்டினது. என்ன கம்பீரமா இருந்திருக்கும்!" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். நான் எஞ்சினுக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற கவலையில் இருந்தேன். எல்லாவற்றிலும் உயரமான மேட்டின் மேல் ஏறியிருந்த மெக்கானிக் அங்கிருந்து கத்தினான்.

"டேய், தண்ணி! அந்தாண்டை, ஒரு குளம்!"

இடிபாடுகளின் பின்புறச் சரிவில் இறங்கினோம். முள்வேலி ஒன்று இருந்தது. ஓரிடத்தில் விழுந்துகிடந்தது, அதைத் தாண்டினோம். குளம் பெரிதில்லை. ஆனால் அந்த வெயிலிலும் தெளிந்து, பச்சைக் கண்ணாடி போல, அடி மணல் தெரியக் கிடந்தது. எதிர்க்கரையில் பலகையால் ஒரு சின்னப் படித்துறை. பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். படித்துறைப் பக்கத்தில் ஒரு கவைக்குச்சி நட்டு அதில் ஒரு சிரட்டை அகப்பை மாட்டியிருந்தது.

இதையெல்லாம் நான் பார்த்தேன். இன்னொன்றையும் பார்த்தேன். கரை முழுக்க ஈரமண் இருந்தும் ஓர் எருமைக் குளம்படிகூட இல்லை. பர்மா கிராமத்தில் எருமை இறங்காத தண்ணீர் எது என்று எனக்குத் தெரியாமலில்லை. சின்ன வயதிலிருந்து பர்மாக்காரப் பிள்ளைகளோடு திரிந்தவன் நான்.

மெக்கானிக்குக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். "குளிக்கலாமாடா? ஊர்க் குளமா இருக்கப்போவுது. நீதான் அவங்களாட்டம் பேசுவியே, உனக்குத் தெரியும். சொல்லு" என்றான்.

உடம்பெல்லாம் புழுதி. கண்ணெரிச்சல். தண்ணீர் இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது.

"ஆளையே காணோமே. குளி" என்றேன்.

அவன் கட்டின துணியோடு குதித்தான். நான் பின்னாலேயே. வாத்தியாருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவில் நின்று முங்கி முங்கி எழுந்தார். சோப்புக் கட்டியை ஒருவர் மாற்றி ஒருவர் எறிந்து பிடித்தோம். மெக்கானிக்கின் காற்சட்டையில் ஒரு மாத எஞ்சின் எண்ணெய் ஊறியிருந்தது. கருவிப் பையிலிருந்த மண்ணெண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி அதைக் கல்லில் தேய்த்துத் தண்ணீரில் அலசினான். எண்ணெய் மெல்லப் படர்ந்து, மயில் கழுத்து நிறத்தில், படித்துறைவரைக்கும் போயிற்று. அழகாக இருக்கிறது என்றுகூட வாத்தியார் சொன்னார்.

அப்போது படித்துறையில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயதிருக்கலாம். தோளில் காவடிக் கம்பு, இரண்டு முனையிலும் காலித் தகர டின்கள். கரைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. டின்களைக் கீழே வைத்தாள். தண்ணீர் மேல் மிதந்த நிறங்களைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்து ஒரே சொல் சொன்னாள்.

"தௌயே."

குடிக்கிற தண்ணீர். அவ்வளவுதான். காலி டின்களைக் காவடியில் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

"காதுல தண்ணி, என்ன சொன்னா?" என்று கேட்டான் மெக்கானிக். நான் சொன்னேன். சோப்பு நுரை காதோரம் ஒட்டியிருக்க அவன் அப்படியே நின்றான்.

கொஞ்ச நேரத்தில் ஊரே வந்தது. பெரும்பாலும் பெண்கள். முன்னால், தஜி என்று பர்மாக்காரர்கள் சொல்லுகிற ஊர்த்தலைவர். தொடையில் பச்சை குத்தின நடுவயதுக்காரர். நாங்கள் ஈரத்துணியோடு கரையில் நின்றோம். ஒரு கிழவி குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள். கையைத் தன் தமேன் கைலியில் துடைத்துக்கொண்டாள். மழை வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்பதும், அதுவரைக்கும் அந்த ஊருக்கு அந்தக் குளம்தான் என்பதும் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் தெரிந்தது.

"தெரியாமல் செய்தீர்களா?" என்று கேட்டார் தலைவர்.

மெக்கானிக்குக்கு ஓரளவு பர்மீயம் வரும். "தெரியாது ஊலே, சத்தியமாத் தெரியாது" என்றான். பெரியவர்களை அங்கே ஊலே என்றுதான் அழைப்போம். வாத்தியாரும் கைகூப்பித் தலையாட்டினார். தலைவர் முகம் தணிந்தது. கூட்டத்தில் யாரோ, பாவம் பட்டணத்துப் பிள்ளைகள் என்றார்கள்.

அதைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அகப்பையைப் பார்த்தேன்" என்றேன்.

தலைவர் என்னை நேராகப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் வேலியைப் பார்த்துத் திரும்பி, "விழுந்த வேலியைக் கட்டியிருக்க வேண்டும். போன வாரமே சொன்னேன்" என்று தன் ஆட்களிடம் சொன்னார். பிறகு எங்களிடம், "வெயிலில் நிற்காதீர்கள். சாப்பிட்டாயிற்றா?" என்றார்.

அவர் வீட்டில் சோறு போட்டார்கள். புளிச்சக்கீரைச் சாறும், வறுத்த மீனும். காலையில் எடுத்து வைத்த பானையிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கோப்பை தண்ணீர் வைத்தார்கள். அந்த வீட்டில் மிச்சமிருந்த நல்ல தண்ணீர் அது. வாத்தியார் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டார். நான் கோப்பையைத் தொடவில்லை. வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "குடியுங்கள், இது சுத்தமானதுதான்" என்றார்.

வண்டியை நோக்கி நடக்கும்போது மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"பார்த்துட்டுத்தான் என்னைக் குளின்னு சொன்னியா?"

"ஆமா."

"உன்கிட்டத்தானேடா கேட்டேன்? எண்ணெயைக் கரைச்சவன் நான். அந்தப் பொம்பளைங்க எல்லாம் என் கையையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க."

அவன் அன்று அதற்குமேல் என்னோடு பேசவில்லை. ஆனால் வண்டியின் பின்னிருக்கையைக் கழற்றி ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, தலைவரிடம் போய், ஊரில் இருக்கிற டின்களையெல்லாம் கொடுக்கச் சொன்னான்.

மாட்டுவண்டியில் போனால் போய்வர ஒரு பகல் பிடிக்கிற தூரத்தில் ஓர் ஆறு இருந்தது. ஆறு என்றால் மணல். ஊற்றுத் தோண்டிக் காத்திருந்தால் கலங்கல் தெளிந்து தண்ணீர் சுரக்கும். சிரட்டையால் அள்ளி அள்ளி டின்களை நிரப்பி, தளும்பாமலிருக்க வாழையிலையை மேலே போட்டு, அந்தக் குண்டும் குழியுமான பாதையில் வண்டியை ஊருக்கு ஓட்டிவந்தோம். வாத்தியார் டின்களை அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் குந்தியிருப்பார். விடுமுறையில் மிச்சமிருந்த நாட்களெல்லாம் இதே வேலை. எஞ்சின் நடுநடுவே கொதிக்கும். கொண்டுபோன குளத்துத் தண்ணீர் தீர்ந்ததும் அதற்கு ஊற்ற வேண்டியதையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் யாரிடமோ மன்னிப்புக் கேட்பவன் போலத்தான் ஊற்றுவான்.

வருஷப் பிறப்பு அன்று ஊரில் யாரும் யார் மேலும் வாளியால் ஊற்றவில்லை. ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு தளிரை நனைத்து ஒருவர் தோளில் ஒருவர் தெளித்துக்கொண்டார்கள். எங்களையும் வரிசையில் நிற்கவைத்தார்கள். என் தோளில் தெளித்தது, குளத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் தாயார். நன்றாக இரு என்று வாழ்த்தினார். அந்தப் பெண் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்தது. பின்னிருக்கையை மாட்டிக்கொண்டு ரங்கூனுக்குத் திரும்பினோம். அலோனில் மரத் தடிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் ஆறு கரை தொட்டுக் கிடக்கும். கூலிக்காரர்கள் குழாயைத் திறந்துவிட்டுக் கால் கழுவுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அவர்களைச் சொல்ல நான் யார்?

அடுத்த வாரம் முதலாளி மோட்டாரை விற்றுவிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமை வாத்தியாரும் நானும் ரயிலில் பெகுவுக்குப் போய், அங்கிருந்து வழியில் கிடைத்த மாட்டுவண்டியில் அந்த ஊருக்குப் போனோம். தலைவர் வீட்டு வாசலில் உட்காரும்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் வீட்டுக் காளைகளில் ஒன்று செத்துப்போயிருந்தது. மோட்டார் போன பிறகு வீடு வீடாக முறை வைத்து வண்டி கட்டி ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் முறையன்று, திரும்பி வரும் மேட்டில், நுகத்தடியோடு விழுந்ததாம்.

வாத்தியாரை அங்கேயே இருக்கச் சொன்னேன். நான் அவர்கள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவள் மூங்கில் தட்டியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தொழுவத்தில் ஒற்றைக் காளை நின்றது.

"என்னால்தான்" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "வெயிலில் செத்தது. அதற்கு வயசும் ஆகிவிட்டது. அம்மா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறார்" என்றாள்.

"நீங்கள்?"

"கன்றிலிருந்து நான் வளர்த்தது. அதை நினைத்து அழவே நேரம் சரியாக இருக்கிறது. உங்கள் மேல் கோபப்பட எனக்கு நேரமில்லை."

வேறொரு காளை வாங்கித் தருகிறோம் என்று பிறகு வாத்தியார் அவள் தாயாரிடம் கேட்டுப்பார்த்தார். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தண்ணீர் சுமந்து செத்த மாடு, நல்ல பிறவிக்குப் போயிருக்கும், அதற்கு விலை பேச வேண்டாம் என்றார். அந்த வருஷம் அவர்கள் பக்கத்து வீட்டுக் காளையை இரவல் வாங்கித்தான் உழுதார்கள்.

எப்படியும் குடிக்க முடியாமல் போன குளம், மழைக்கு முன்னால் அடிவரை இறைத்துச் சேறு வாரிவிடலாம் என்று ஊரில் பேச்சிருந்தது. பல வருஷமாக வாராத சேறு. அதைத் தலைவர் சொன்னதும், நாங்களும் வருகிறோம் என்றேன். ரங்கூன் திரும்பி மெக்கானிக்கிடம் காளை செய்தியைச் சொன்னபோது அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "இறைக்கறதுக்கு என்ன வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். வாளிதான் என்றேன். முதலாளியிடம் கெஞ்சி ஒரு கைப்பம்பை வாங்கி, சாக்கில் கட்டி, ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

இறைத்த தண்ணீர் காட்டுக்குள் ஓடியது. அப்புறம் சேறு. ஊர்க்காரர்களோடு வரிசையில் நின்று கூடை கூடையாக மேலே ஏற்றினோம். வாத்தியாரின் மென்மையான கையெல்லாம் தோல் உரிந்துவிட்டது. யாரோ மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டார்கள். அந்தப் பெண்ணும் வரிசையில் நின்றாள். கூடை அவள் கையிலிருந்து என் கைக்கு மாறும். கனமாக இருந்தால், பார்த்து, என்பாள். அதற்குமேல் ஒன்றுமில்லை. மெக்கானிக் தினமும் தன் துணிகளைக் காட்டில் எங்கேயோ போய் உதறிவிட்டுத்தான் குளத்துப் பக்கம் வருவான்.

வேலை முடிந்த மறுநாள் மத்தியானம் வானம் கறுத்து, அந்த வருஷத்தின் முதல் மழை கொட்டியது. பெண்கள் எல்லாம் வெளியே ஓடிவந்து பானைகளை வைத்தார்கள். நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு, நனைந்துகொண்டே, கிளம்பினோம். தலைவர் வேலிவரைக்கும் வந்து வழியனுப்பினார். வேலி புது முள் வைத்துக் கட்டியிருந்தது.

மெக்கானிக்கும் நானும் பழையபடி பேசிக்கொண்டோம், சேர்ந்து சாப்பிட்டோம். ஆனால் எந்த விஷயத்திலும் அவன் என்னிடம் "உனக்குத் தெரியும், நீ சொல்லு" என்று அதன் பிறகு கேட்டதில்லை. வாத்தியார் இரண்டு வருஷம் கழித்து மௌல்மீனுக்கு மாற்றலாகிப் போனார்.

அதற்கும் பிறகு ஒருமுறை, கிடங்கு வேலையாகப் பெகுவுக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் தேநீர்க் கடையில் ஒரு வண்டிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ரங்கூன் என்று தெரிந்ததும் உற்சாகமாகப் பேசத் தொடங்கினார்.

"எங்கள் பக்கத்து ஊரில் ஒரு குளம் இருக்கிறது. ரங்கூனிலிருந்து மூன்று கலாக்கள் வந்து வெட்டிக்கொடுத்தார்கள். மோட்டாரில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்களாம். அந்தக் குளம் இப்போது எந்தக் கோடையிலும் வற்றுவதில்லை. என்ன புண்ணியவான்கள்!"

இந்தியர்களை அவர்கள் கலா என்பார்கள். "அந்த மூன்று பேரில் நானும் ஒருவன்" என்றேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆனால் அந்தக் குளத்தைக் கெடுத்ததே நாங்கள்தான். குடிதண்ணீர் என்று தெரிந்தே இறங்கினோம். நான் தெரிந்தே இறங்கினேன். ஒரு வீட்டில் காளைகூடச் செத்தது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "புண்ணியம் செய்கிறவர்கள் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்" என்றார். கடைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னொரு தடவை சொன்னேன். அவர்கள் எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், ஒருவரும் நம்பவில்லை.

"வாருங்கள், என் வண்டியிலேயே கூட்டிப் போகிறேன். ஊரே சந்தோஷப்படும். பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்" என்றார் வண்டிக்காரர்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவர் ஏமாற்றத்தோடு, ஊருக்கு என்ன செய்தி சொல்ல என்று கேட்டார். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் மாடுகளைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனார்.

ரயில் சாயங்காலம்தான். அதுவரைக்கும் ஸ்டேஷன் மேடையில், எதிர்த் தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.